ஆறு சொட்டு எண்ணெய்

மஞ்சள் புள்ளி குஞ்சப்பனைச் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டது. அடேங்கப்பா, மணி எட்டு இருபதுதான், அதற்குள் குஞ்சப்பனை, போன மாசம் இதே இடத்துக்கு வர எட்டே முக்கால் ஆச்சே, இன்றைக்கு இருபது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியும் இந்த விரட்டு விரட்டுகிறாளே என்று தெய்வசிகாமணி சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த டேப்லெட்டைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு, ஊறிய உளுந்தை இரண்டு கையாலும் அள்ளிக் கிரைண்டரில் போட்டார். புள்ளி என்றால் வேறு யாருமில்லை, அவருடைய சம்சாரம் மரகதமணி. காரமடையில் இருக்கிற இந்த வீட்டிலிருந்து விடிகிற நேரத்தில் சைக்கிளில் கிளம்பி, மேட்டுப்பாளையம் போய், பவானிப் பாலம் தாண்டி, கோத்தகிரி மலை ஏறிக்கொண்டிருக்கிறாள். ஐம்பத்து நாலு வயசு. சீட்டுக்கு அடியில் குங்குமச் சிமிழ் அளவுக்கு ஒரு டப்பா, அவளே பற்றவைத்து அவளே மூடி போட்டது, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் நான் இங்கே இருக்கிறேன் என்று வீட்டுக்குச் சொல்லும். சொன்னதும் புள்ளி ஒரு நெல் அளவு நகரும். முப்பத்தாறு வருஷம் தபால் ஆபீசில் உட்கார்ந்து, அனுப்பின தபால் எங்கே போய்க்கிட்டு இருக்குதுங்க என்று கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் வந்துருமுங்க, வந்துருமுங்க என்று மட்டுமே சொல்லத் தெரிந்திருந்த மனுஷனுக்கு இந்தப் புள்ளியை எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்கவில்லை. ஏன் இருபது நிமிஷம் தாமதம் என்றுதான் தெரியவில்லை. அவள் கடிகாரம் மாதிரி, ஐந்தரை என்றால் ஐந்தரைக்குக் கேட் சத்தம் கேட்கும். இன்றைக்குக் கேட்டது ஐந்து ஐம்பதுக்கு. அவர் எழுந்து வந்தபோது கூடத்தில் ஆஸ்பத்திரி வாடை, ஊசி போடும் முன்னால் பஞ்சில் தொட்டுத் துடைப்பார்களே, அந்த ஸ்பிரிட் வாடை. முழங்காலுக்கு எதையோ தடவிக்கொண்டு போயிருக்கிறாள் போல. வலியை வெளியே சொல்ல மாட்டாள், அழுத்தக்காரி. வந்ததும் கேட்க வேண்டும்.

கிரைண்டர் சுற்ற ஆரம்பித்ததும் வழக்கம் போல அவருக்கு மனசு லேசானது. ஞாயிற்றுக்கிழமை மாவு அவர் பொறுப்பு, மத்தியானம் அரிசியும் பருப்பும் சோறு அவர் பொறுப்பு, மலை ஏறுவது அவள் பொறுப்பு. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் இன்ஸ்ட்ரக்டர் அவள். வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது போதாதென்று வீட்டுக்கு வந்தும் அதையே நோண்டுவாள். நோண்டுவது என்று அவர் வாய்தான் சொல்லும், மனசு சொல்லாது. இந்தக் கிரைண்டரையே பாருங்கள். ஒயரில் வளையம் மாதிரி ஒன்றை மாட்டிவிட்டிருக்கிறாள். உளுந்து பொங்கப் பொங்க மோட்டார் இழுக்கிற கரண்ட் மாறுமாம், வளையம் அதை மோப்பம் பிடிக்குமாம், பதம் வந்ததும் தானாக நின்றுவிடும். இதற்காகப் பதினாறு ஞாயிற்றுக்கிழமை முக்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, மாவைக் கிள்ளித் தம்ளர்த் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா, முழுகுகிறதா என்று பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதினாள். "ஏம்புள்ள, பதம் எப்படி மெஷினுக்குத் தெரியும்?" என்று கேட்டதற்கு, "மெஷினுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. என் கைக்குத் தெரிஞ்சத அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதானாம். அந்த அவ்வளவுதானை அவர் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் ஒன்பது பேரிடமாவது சொல்லியிருப்பார். துணி காயப்போடும் கொடியும் அப்படித்தான், மழைத் துளி விழுந்தால் கொடி தானாகத் தாழ்வாரத்துக்குள் போய்விடும், யாரோ தூக்கிப்போட்ட காரின் வைப்பர் மோட்டாரில் செய்தது. முதல் நாள் அது அவருடைய வேட்டியைச் சுருட்டி உள்ளே இழுத்து, விடமாட்டேன் என்று பாதியாகக் கிழித்தது. வேறு யாராவது என்றால் தலையில் அடித்துக்கொள்வார்கள். இவள் கிழிந்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். தோற்கும்போது இப்படிச் சிரிக்கிற ஒரு ஆளை அவர் பார்த்ததே இல்லை. ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை மோட்டார் மேல் வைத்து, கண்ணை மூடிக் கேட்பாள். "என்ன கண்ணு, எங்க வலிக்குது?" என்பாள் மோட்டாரிடம். அவரிடம் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. செத்துப்போன உருப்படி எதையும் அவள் தூக்கி எறிய மாட்டாள். சின்னக் கவரில் போட்டு, காகித டேப் ஒட்டி, தேதி, பெயர், காரணம் என்று மூன்றும் எழுதி, பெரிய ஊறுகாய் பாட்டிலுக்குள் போட்டுவிடுவாள். அந்தப் பாட்டிலுக்கு மயானம் என்று பெயர். மிக்ஸி கார்பன், காரணம் வயசு. ஃபேன் ரெகுலேட்டர், காரணம் பல்லி. மழைக் கொடி போர்டு, காரணம் நான், அவசரம். தன் தப்பு என்றால் தன் பெயரையே எழுதிவிடுவாள், கூசாமல். பொய் எழுதினால் அடுத்த தடவையும் அதேதான் சாகும் என்பாள்.

புள்ளி நகர்ந்தது. கொண்டை ஊசி வளைவில் ஏறுகிறாள். இந்தச் சைக்கிள் பைத்தியம் எப்போது பிடித்தது, ஐந்து வருஷம் இருக்குமா, முழங்கால் வலிக்குதென்று டாக்டரிடம் போனபோது நடங்க, இல்லேன்னா சைக்கிள் மிதிங்க என்றார் அவர். இரண்டாம் நாளே பாலிடெக்னிக்குக்குச் சைக்கிளில் கிளம்பிவிட்டாள், போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு. அன்றைக்கு இந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? இப்போது நினைத்தாலும் காது மடல் சூடாகிறது. "இந்த வயசுல சுடிதாரு போட்டுக்கிட்டுச் சைக்கிள்ல போனீன்னா ஊரு என்ன சொல்லும் மரகதம்?" அவள் காற்றடித்துக்கொண்டிருந்தாள், நிமிரக்கூட இல்லை. "சொல்லட்டுமுங்க. அவங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் அடுத்த ஊருல இருப்பேன்." பிறகு பழைய சைக்கிள் போய்க் கியர் சைக்கிள் வந்தது. ஊரும் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னதெல்லாம் இவர்தான். போன சித்திரையில் முதல் தரம் கோத்தகிரி ஏறி இறங்கி வந்து, வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றியபோது நெற்றியில் உப்புப் பூத்திருந்தது. "மேல ஒரு வளைவுல நின்னு கீழ பாத்தனுங்க. பவானி ஆறு ஒரு நூலு. நம்ம ஊரு எங்கன்னு தேடுனேன், தெரியல. ஆனா நீங்க அங்க மாவு ஆட்டிக்கிட்டு இருப்பீங்கன்னு தெரிஞ்சுது" என்றாள். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் ரோட்டில் போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லுகிற ஆள், அதை மட்டும் வைத்துக்கொண்டார். உளுந்து நுரைத்துக்கொண்டு வந்தது, ஓரத்தில் ஒட்டியதைக் கையால் வழித்து நடுவில் தள்ளினார்.

அவளுக்கு நாம் என்ன செய்தோம் என்று ஒரு ஏக்கம் அவருக்கு வெகு நாளாக உண்டு. பல்ப் மாற்றத் தெரியாத கை அவருடையது. ஃபியூஸ் போனால் டார்ச் பிடித்து நிற்பார், அதையும் தப்பான பக்கம் பிடிப்பார், அவள் சொல்லாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி வைப்பாள். ஆனால் நேற்றுச் சாயங்காலம் பாருங்கள், அவள் பாலிடெக்னிக்கிலிருந்து வந்து சைக்கிளைத் தாழ்வாரத்தில் தள்ளிக்கொண்டு வரும்போது பிரேக் கீச் என்று கத்தியது. "என்னமோ கத்துது, காலைல பாத்துக்கலாம்" என்று குளிக்கப் போய்விட்டாள். அவருக்குப் பொறி தட்டியது. கதவு கத்தினால் என்ன செய்கிறோம்? பூஜை அறைக் கதவின் கீலுக்கு விடுகிற எண்ணெய்க் குப்பி, மூக்கு நீண்ட சின்னக் குப்பி, அதை எடுத்துக்கொண்டு போய் முன் சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் தட்டில், பைக்கில் டிஸ்க் என்பார்களே, அதில் ஆறு சொட்டு விட்டார். ஓரவஞ்சனை எதற்கு என்று பின் சக்கரத்துக்கும் ஆறு சொட்டு. சக்கரத்தைச் சுற்றிவிட்டு மெதுவாகப் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். சத்தமே இல்லை. கத்திக்கொண்டிருந்த வாயை அடைத்தாகிவிட்டது. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவள் பொருள் ஒன்றை அவர் சரிசெய்தது இதுதான் முதல் தரம். சொல்லவில்லை. ராத்திரி முழுக்க வாயில் அடக்கி வைத்திருந்தார். அவளாகக் கண்டுபிடிக்க வேண்டும், ஏனுங்க நேத்துக் கத்துன பிரேக்கு இன்னைக்குச் சத்தமே இல்லையே, என்ன பண்ணுனீங்க என்று அவளாகக் கேட்க வேண்டும், இவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் அதெல்லாம் ஒரு கைப்பழக்கந்தான் புள்ள என்று சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் ஒரு தரம் சொல்லிக்கூடப் பார்த்தார். ஒரு மணிக்கு வருவாள், வந்ததும் கேட்பாள், கேட்காமல் போக மாட்டாள்.

கிரைண்டர் தானாக நின்றது. உளுந்துப் பதம். மாவை வழித்துத் தூக்கில் போட்டு, அரிசியைக் கொட்டி மறுபடியும் ஓடவிட்டு, புள்ளி எங்கே என்று பார்க்கத் திரும்பினால் டேப்லெட் இருண்டிருந்தது, கொஞ்ச நேரம் தொடாவிட்டால் இருண்டுவிடும். மாவுக் கையோடு சுண்டுவிரலால் தொட்டார். எரிந்தது. அரவேணு கிட்டத்தில் புள்ளி. அதன் மேலேயே அவர் விரல் பட்ட இடத்தில் எண்ணெய் மாதிரி ஒரு பிசுக்கு, புள்ளி அந்தப் பிசுக்குக்குள் மங்கலாகத் தெரிந்தது. வேட்டியால் துடைத்தார், இன்னும் பரவியது. காலையில் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் விரலிலேயே இருக்கிறது, எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் எண்ணெய் போகாது என்று அவள்கூடச் சொல்லியிருக்கிறாளே, எதற்குச் சொன்னாள், எங்கே சொன்னாள், டேப்லெட்டுக்கு இல்லை, வேறு எதற்கோ, தாழ்வாரத்தில், கியர் சைக்கிள் வந்த அன்றைக்கு, அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, இவர் ஆசையாக அந்தப் பளபளப்பான பிரேக் தட்டைத் தொடப் போக, கையைப் பட்டென்று தட்டிவிட்டாள். தொடாதீங்க. விரல்ல இருக்கற எண்ணெயே போதும், பிரேக் பிடிக்காமப் போயிரும். விரல் எண்ணெய். விரலில் இருக்கிற எண்ணெயே போதும். அவர் விட்டது ஆறு சொட்டு. இல்லை, ஆறும் ஆறும் பன்னிரண்டு. கிரைண்டர் அரிசியைக் கடகடவென்று நொறுக்கிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் அவருடைய மண்டைக்குள் கேட்டது. ஐயோ. ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டேன். விடிகாலையில் மேட்டுப்பாளையம் வரைக்கும் ரோடு காலி, ஏறும்போது பிரேக் வேண்டாம். ஒரு தரம்கூடப் பிடிக்க வேண்டியதில்லை. மேலே போகிற வரைக்கும் அவளுக்குத் தெரியாது. இறங்கும்போதுதான் தெரியும், முதல் வளைவில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் ஆறு நூலாகத் தெரிகிற பள்ளமுமாக இருக்கிற அந்த வளைவில். அவர் கிரைண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

போன். அவருடையது பட்டன் போன், பெரிய பட்டன்கள், ஒன்றை அழுத்தினால் மரகதம். அழுத்தினார். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர். வைத்தார். அழுத்தினார். நீங்கள் அழைக்கும். அணைத்து வைத்திருக்கிறாள், ஏறும்போது அணைத்துத்தான் வைப்பாள், அதற்கும் காரணம் இவரேதான், முதல் தரம் ஏறியபோது பத்து கிலோமீட்டருக்குள் பதினோரு தரம் கூப்பிட்டு எங்க இருக்க, எங்க இருக்க என்று கேட்ட புண்ணியவான். அதற்குப் பிறகுதான் இந்தப் புள்ளியையே செய்தாள். இனிமேப் புள்ளியக் கேளுங்க, மேல போய் டீக் குடிக்கறப்ப நானே கூப்புடறேன் என்றாள். கூப்பிடுவாள். ஒரு தரமும் கூப்பிடாமல் இருந்ததில்லை. கூப்பிட்டதும் இறங்காதே, சைக்கிளை பஸ்ஸில் போட்டுக்கொண்டு வா என்று சொல்லிவிடலாம், திட்டட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். அது வரைக்கும்? மொபெட்டை எடுத்துக்கொண்டு போனால் என்ன? வாசலுக்கு ஓடினார், கிளப்பினார், கேட் வரைக்கும் போனார். நாற்பது கிலோமீட்டர், இந்த மொபெட் மலையில் திணறும், ஒன்றரை மணி நேரம், அதற்குள் அவள் இறங்கத் தொடங்கிவிடுவாள். ஓட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் காதில் விழாது. போனால் புள்ளியும் தெரியாது. நிறுத்தினார். திரும்ப உள்ளே ஓடி வந்தார். புள்ளி நகர்ந்திருந்தது. மனசு ஒரே இடத்தில் செக்கு மாடு மாதிரி சுற்றியது, ஏன் கேட்காமல் தொட்டேன், கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் வேண்டாம் என்றிருப்பாள், கேட்டால் ஆச்சரியம் போய்விடுமே என்று கேட்கவில்லை, ஆச்சரியம், நல்ல ஆச்சரியம், அவள் பாராட்ட வேண்டுமாம், அறுபத்திரண்டு வயசில் ஒரு பாராட்டுக்கு அலைந்திருக்கிறேன், அதற்காக அவளை, அவளை என்பதோடு நிறுத்திக்கொண்டார், அந்த வாக்கியத்தை முடிக்க அவருக்குத் தைரியம் இல்லை. அப்போதுதான் மாடியிலிருந்து அவள் குரல் கேட்டது. "ஏனுங்க, டேங்கு நெறஞ்சிருச்சுங்க. மோட்டார நிறுத்துங்க." தெளிவாக, கொஞ்சம் சிரிப்போடு, பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி. தொட்டி நிறைந்ததும் பேசுகிற பெட்டிக்கு அவளே பேசிப் பதிவு செய்தது. ஒரு வருஷமாகத் தினம் கேட்கிற குரல். இன்றைக்கு அது அவரைப் போட்டு உலுக்கிவிட்டது. இந்தப் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. நாளைக்கும் சொல்லும். அவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டேங்க் நிறைந்தால் சொல்லும், இதே சிரிப்போடு. "ஏனுங்க, டேங்கு நெறஞ்சிருச்சுங்க." நிறுத்துகிறேன் மரகதம், நிறுத்துகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போய் சுவிட்சை அணைத்தார்.

ஒன்பது நாற்பதுக்குப் புள்ளி கோத்தகிரியில் நின்றது. பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டே, பேக்கரி இருக்கிற இடம், எப்போதும் நிற்கிற இடம்தான். அப்பாடா. டீக் குடிக்கிறாள், போனை எடுத்திருப்பாள், உயிர்ப்பித்திருப்பாள். அவர் அழுத்தினார். எங்கேஜ்டு. யாரோடோ பேசுகிறாள். யாரோடு பேசுகிறாள், கோயம்புத்தூரில் இருக்கிற மகளோடா, அவளைப் போலச் சைக்கிள் ஓட்டுகிற சிநேகிதர்களோடா, பேசட்டும், ஒரு நிமிஷம். அழுத்தினார். எங்கேஜ்டு. வைத்தார், அழுத்தினார், எங்கேஜ்டு. அடி மரகதம், ஒரு தரம் வை அந்தப் போனை. அழுத்தினார். ஏழு தரம் அழுத்தியிருப்பார், எட்டாவது தரம் நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் என்று பழையபடி அந்தப் பெண் சொன்னாள். டேப்லெட்டைப் பார்த்தார். பிசுக்குக்கு நடுவில் புள்ளி அசையவில்லை. இரண்டு நிமிஷம். அசையவில்லை. அப்படியே இரு, அப்படியே இரு, இன்னொரு டீ குடி, மழை வரட்டும், பஞ்சர் ஆகட்டும். பிள்ளையாரப்பா, ஒரு பஞ்சர். முப்பது வருஷத்தில் அவள் சாமான் ஒன்று கெட்டுப்போக வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தரம். புள்ளி நகர்ந்தது. ஒரு நெல் இல்லை, ஒரு விரற்கடை. கீழே நகர்ந்தது. இறங்குகிறாள்.

அவர் நின்றார். செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு மனுஷனுக்கு வருமே ஒரு அசட்டு வேகம், அது வந்தது. பேக்கரி நம்பர். அவள் நோட்டில் எழுதி வைத்திருப்பாள், எல்லாம் எழுதி வைக்கிறவள் அதை எழுதாமல் இருப்பாளா, பேக்கரிக்காரரிடம் சொன்னால் யாரையாவது வண்டியில் பின்னால் அனுப்புவார், குஞ்சப்பனைச் செக்போஸ்ட்டுக்குச் சொல்லி நிறுத்தச் சொல்லலாம், நம்பர், நம்பர். கூடத்து மூலையில் அவள் மேசை. அதை அவர் தொடுவதில்லை, தொடாதே என்று யாரும் சொன்னதில்லை, ஒரு மரியாதை, கோயிலில் கர்ப்பகிருகத்துக்குள் எட்டிப் பார்க்காமல் நிற்கிறோமே அப்படி. இன்றைக்கு மரியாதை ஏது. ஈயக் கம்பிச் சுருள், குறடு, பஞ்சு, மூடி சரியாகத் திருகாத ஸ்பிரிட் பாட்டில். ஸ்பிரிட் பாட்டில் இங்கே எதற்கு. கறுத்த எண்ணெய்க் கறை பிடித்த துணி ஒன்று சுருட்டிக் கிடந்தது. நோட்டின் மேல் மயானம் உட்கார்ந்திருந்தது, ஊறுகாய் பாட்டில், கனம். அதை எடுத்து நகர்த்தும்போது மூடிக்கு அடியில் எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு புதுக் கவர், புது டேப், வெள்ளை வெளேரென்று. இன்றைய தேதி. மூடியைத் திறந்து வெளியே எடுத்தார். கவருக்குள் நகம் அளவில் கறுப்பாக நாலு கட்டை, எண்ணெய் மினுமினுத்தது. டேப்பில் அவள் எழுத்து, குண்டு குண்டாக, லேப் நோட்டில் எழுதுகிற அதே எழுத்து. பிரேக் கட்டை, நாலு. காரணம், எங்க வீட்டுக்காரர். அதற்குக் கீழே, இடம் இல்லாமல் நெருக்கி, சொல்ல வேண்டாம், பயந்துக்குவார். இரண்டாம் தரம் படித்தார். மூன்றாம் தரம் எழுத்துகள் தண்ணீருக்குள் கிடப்பது போல ஆடின. கிளம்பும் முன் காற்று, பிரேக், செயின் என்று மூன்றையும் தொட்டுப் பார்க்காமல் அவள் காலைத் தூக்கி வைக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியாதா, ஐந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார், பயத்தில் அது எங்கே போனது? இருபது நிமிஷம். ஸ்பிரிட்டில் தட்டைத் துடைத்து, பழைய கட்டையைக் கழற்றி, எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைத்திருந்த புதுக் கட்டையை மாட்டி, கழற்றியதைக் கவரில் போட்டு, காரணம் எழுதி. பொய் எழுத மாட்டாள், அதனால் அவர் பெயரை எழுதினாள். அவர் மனசு நோகக் கூடாது, அதனால் தனக்குத்தானே உத்தரவும் எழுதிக்கொண்டாள். இவர் உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது. அவர் அவளுடைய முக்காலியில் உட்கார்ந்து அழுதார், அறுபத்திரண்டு வயசு, வெட்கம் கிடக்கட்டும், தோள் குலுங்க அழுதார், சிரிப்பும் கூடவே வந்தது.

போன் அடித்தபோது கவர் இன்னும் கையில்தான் இருந்தது. "ஏனுங்க, யாருகிட்ட அப்படிப் பேச்சு? மேல டீக் குடிச்சுக்கிட்டே நாலு வாட்டி கூப்புட்டேன், எங்கேஜ்டு எங்கேஜ்டுன்னே வந்துது. சரி எறங்கிப் போயிட்டே பேசிக்கலாம்னு வந்துட்டேன். குஞ்சப்பனைல நிக்கறேன்." பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இவரும் அவளுக்கு, அவளும் இவருக்கு, ஒரே நேரத்தில். "சும்மாதான். மக கூப்புட்டா." "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்குது?" "வெங்காயம் புள்ள. அரிசி பருப்புக்கு." "ஓ" என்றாள். மூச்சு வாங்குவது கேட்டது, நல்ல மூச்சு, மலை ஏறி இறங்கின மூச்சு. பிறகு, "கேக்கோணும்னே இருந்தேன். நேத்துப் பிரேக்குக்கு என்னமோ பண்ணுனீங்களா? சாயங்காலம் அந்தக் கத்துக் கத்துச்சு, இன்னைக்கு அத்தன வளைவுலயும் மூச்சே விடல. சத்தமே இல்லீங்க" என்றாள். ராத்திரி முழுக்க அவர் காத்திருந்த அதே கேள்வி. பதிலும் தயாராக இருந்தது, கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த பதில். வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அவளுக்குச் சத்தமில்லாமல் போன காரணம் தெரியும், இவருக்கும் இப்போது அது தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. "மெதுவா வா மரகதம்" என்றார். "மெதுவாத்தானுங்க வாரேன். பசிக்குது, சோத்த வெச்சுருங்க" என்று வைத்துவிட்டாள்.

கவரை எடுத்த இடத்திலேயே, டேப் மேலே தெரிகிற மாதிரி பாட்டிலுக்குள் வைத்து மூடினார். நோட்டின் மேல் பாட்டிலை அதே மூலையில் வைத்தார். அப்புறம் காகித டேப் சுருளில் ஒரு சாண் கிழித்து, அவளுடைய பேனாவால் கதவுக்கு மட்டும் என்று எழுதினார். தபால் ஆபீஸ் எழுத்து, சாய்ந்து, அழகாக. பூஜை அறைக்குப் போய் அந்த மூக்கு நீண்ட குப்பியை எடுத்து, அதன் வயிற்றைச் சுற்றி ஒட்டினார். அவள் கண்ணில் படும், பட்டால் படட்டும். கிரைண்டர் எப்போதோ தானாக நின்றிருந்தது, மாவு பதமாக இருந்தது. புள்ளி பவானிப் பாலத்தை நோக்கி ஒரு விரற்கடை, ஒரு விரற்கடையாக வந்துகொண்டிருந்தது. அவர் கூடையிலிருந்து சின்ன வெங்காயத்தை ஒரு பிடி அள்ளிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார், அவளிடம் சொன்னது பொய்யாகப் போகக் கூடாது பாருங்கள்.